மூன்று கட்டக் கல்லீரல் சிடி: புதிதாகக் கன்சோலில் உட்காருபவர்களுக்கு

ஒரு சுற்றில் 4 ஸ்லைஸ் (உடலின் குறுக்குவெட்டுப் படம்) எடுக்கும் பழைய சிடி கருவி போய் 64 ஸ்லைஸ் வருகிறது. பழைய புரோட்டோகால் (ஸ்கேன் செய்முறை) தாளில் இருந்த எண்களையே புதுக் கருவியிலும் ஏற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எடுக்கும் ஆர்ட்டீரியல் படங்களில், அதாவது மருந்து தமனி வழியாக வந்து சேரும் முதல் கட்டத்தில், பெருந்தமனி பளீரென்று இருக்கும். குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் போர்ட்டல் சிரையில் மருந்தே வந்திருக்காது. கட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியாது. கருவியில் கோளாறு என்று கம்பெனிக்குப் போன் போகும். கோளாறு எதுவும் இல்லை. கருவி வேகமாகிவிட்டது, நோயாளியின் இரத்தம் பழைய வேகத்திலேயே ஓடுகிறது, அவ்வளவுதான்.

கல்லீரல் சிடியில் கற்க வேண்டியதில் பாதிக்கு மேல் இந்த நேரக் கணக்குதான். மற்றதைக் கருவியே பார்த்துக்கொள்ளும்.

கல்லீரலுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு

கல்லீரலுக்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக, கால் பங்கு கல்லீரல் தமனி வழியாக. கையில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து முதலில் தமனி வழியாக வந்து சேரும். குடலையும் மண்ணீரலையும் சுற்றிவிட்டுப் போர்ட்டல் சிரை வழியாக வருவது அதற்குப் பிறகு.

கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோயான ஹெச்.சி.சி. பெரும்பாலும் தமனி இரத்தத்தைக் குடித்து வளர்வது. அதனால் ஊசி தொடங்கி 35 முதல் 40 வினாடிக்குள், ஆர்ட்டீரியல் கட்டத்தில், கட்டி வெளுத்துத் தெரியும், சுற்றியுள்ள கல்லீரல் இன்னும் மங்கலாகவே இருக்கும். 70 வினாடி வாக்கில், போர்ட்டல் கட்டத்தில், கல்லீரல் முழுதும் வெளுத்துவிடும். பெருங்குடல் புற்றிலிருந்து பரவிய கட்டிகள் அப்போதுதான் கறுப்பாகத் தெரியும். 3 நிமிடத்தில், டிலேட் கட்டத்தில், ஹெச்.சி.சி. மருந்தை இழந்து கல்லீரலைவிடக் கறுத்துப்போகும். இதைத்தான் வாஷ்அவுட் என்கிறோம்.

சிரோசிஸோ (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யோ உள்ள ஒருவருக்கு 1 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டியில் ஆர்ட்டீரியல் வெளுப்பும் வாஷ்அவுட்டும் உரிய வடிவில் சேர்ந்து தெரிந்தால், கல்லீரல் படங்களை வகைப்படுத்தும் லை-ராட்ஸ் முறைப்படி பயாப்ஸி இல்லாமலே ஹெச்.சி.சி. என்று சொல்லிவிடலாம். ஆர்ட்டீரியலை நீங்கள் 10 வினாடி முன்னதாக எடுத்துவிட்டால் அந்த வெளுப்பு பதிவாகாது. பிறகு அந்த நோயாளி எம்.ஆர்.ஐ.க்கோ ஊசி வைத்துத் திசு எடுக்கவோ அலைய வேண்டியதுதான்.

வேகம் மாறிய கதை, மில்லிமீட்டர் கணக்கில்

கல்லீரலை மேலிருந்து கீழ்வரை எடுக்க 250 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேசை நகர நகரத் தொடர்ந்து சுற்றி எடுக்கும் ஹெலிக்கல் முறைக்கு முந்தைய கருவிகளில் ஒரு ஸ்லைஸ் எடுத்து, மேசையை நகர்த்தி, மூச்சு விடச் சொல்லி, அடுத்ததை எடுப்பார்கள். 10 மி.மீ. ஸ்லைஸ் 25 எடுப்பதற்குள் இரண்டு மூன்று நிமிடம் ஓடிவிடும். கீழ்ப்பகுதிக்கு வரும்போது மருந்து கட்டியிலும் கல்லீரலிலும் சமமாகப் பரவி, கட்டி கண்ணுக்கே தெரியாமல் போகும். ஆர்ட்டீரியல் கட்டம் என்று தனியாக ஒன்றை நினைத்துப் பார்க்கவே வழியில்லை.

1989-இல் ஹெலிக்கல் சிடி வந்தது. 7 மி.மீ. கற்றை, வினாடிக்கு ஒரு சுற்று, பிட்ச் (ஒரு சுற்றில் மேசை நகரும் தூரம் கற்றை அகலத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 1 என்றால் வினாடிக்கு 7 மி.மீ., அதாவது 250 மி.மீ.க்கு 36 வினாடி. ஒரே மூச்சில் முடிப்பது சிரமம் என்பதால் பிட்சைக் கூட்டிச் சமாளித்தார்கள். 1998-இல் வந்த 4 ஸ்லைஸ் கருவியில் 10 மி.மீ. கற்றை, அரை வினாடிச் சுற்று, பிட்ச் 1.5 என்றால் வினாடிக்கு 30 மி.மீ. ஸ்கேன் 8 வினாடி சொச்சம். 64 ஸ்லைஸில் 40 மி.மீ. கற்றை, அரை வினாடிச் சுற்று, பிட்ச் 1 என்றால் வினாடிக்கு 80 மி.மீ. மூன்றே வினாடியில் கல்லீரல் முடிந்துவிடும்.

உங்கள் கருவிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கற்றை அகலம் பெருக்கல் பிட்ச், வகுத்தல் சுற்று நேரம். அதுதான் மேசையின் வேகம். கல்லீரலின் நடுப்பகுதியை ஊசி தொடங்கிய 38 அல்லது 39-ஆவது வினாடியில் கடக்க வேண்டும் என்பதை இலக்காக வையுங்கள். ஸ்கேனுக்கு 10 வினாடி ஆகும் கருவியில் 33-இல் தொடங்கலாம். 3 வினாடிக் கருவியில் 37 வரை காத்திருக்க வேண்டும். கருவி வேகமாக ஆக, பொறுமை கூட வேண்டும். புதிதாக வருபவர்கள் தலைகீழாக நினைத்துக்கொள்வது இதைத்தான்.

நோயாளியை ஏற்றுவதற்கு முன்

கிரியாட்டினினை மட்டும் பார்க்காமல், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். பாருங்கள். 30-க்குக் கீழே இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கான்ட்ராஸ்ட் ஏற்றக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவருக்கும் அதே எல்லைதான். 30-க்குக் கீழே இருந்தால் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைப் பார்த்த பிறகு தொடங்குவார்கள். முன்பு கான்ட்ராஸ்ட் ஏற்றி மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்ததா என்று நேராகக் கேளுங்கள். ‘அலர்ஜி இருக்கா?’ என்று பொதுவாகக் கேட்டால் கத்தரிக்காய், கருவாடு என்றுதான் பதில் வரும்.

திட உணவை 4 மணி நேரம் நிறுத்துவது பல மையங்களின் வழக்கம். தண்ணீரை நிறுத்தச் சொல்லாதீர்கள். வெள்ளையாகத் தெரியும் வாய்வழிக் கான்ட்ராஸ்ட் இந்த ஸ்கேனுக்கு வேண்டாம், குடலின் வெளுப்பு கல்லீரலின் ஓரத்தில் கோடுகளாக விழும். ஸ்கேனுக்கு முந்தைய அரை மணி நேரத்துக்குள் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தண்ணீர் குடித்தால் போதும்.

கேனுலாவை முழங்கை மடிப்பில், முடிந்தால் வலது கையில் போடுங்கள். பிங்க் நிற 20 கேஜ் வினாடிக்கு 4 மி.லி.க்குத் தாங்கும். அதற்கு மேல் போனால் பச்சை நிற 18. நீல நிற 22 கேஜ்தான் ஏறியது என்றால் 3 மி.லி.க்கு மேல் போக வேண்டாம். வார்டிலிருந்து இரண்டு நாள் முன்பு போட்ட கேனுலாவோடு வருபவர்கள் நிறையப் பேர். அதை நம்பாதீர்கள். மருந்து ஏற்றும் அதே வேகத்தில் 20 மி.லி. சலைனை இன்ஜெக்டரில் வைத்து ஏற்றி, விரலை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். வீங்கினால் வேறு சிரை பார்க்க வேண்டும். மத்திய சிரை லைனில், பவர் இன்ஜெக்டருக்கு உரியது என்று அச்சிட்டிருந்தால் தவிர, கை வைக்கவே வேண்டாம்.

கான்ட்ராஸ்டை 37 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். 370 செறிவுள்ள (ஒரு மி.லி.யில் 370 மி.கி. அயோடின்) மருந்து குளிரில் தேன் போல இருக்கும், இன்ஜெக்டர் அழுத்தம் எகிறும்.

கைகள் இரண்டும் தலைக்கு மேல். நோயாளி கேன்ட்ரியின் (கருவியின் வளையம்) நடுவில் இருக்கிறாரா என்று லேசர் கோட்டில் பாருங்கள். 3 செ.மீ. தள்ளிப் படுத்தாலும் படத்தில் மணல் (புள்ளி புள்ளியான இரைச்சல்) கூடும், டோஸ் கணக்கும் தப்பும்.

மூச்சுப் பயிற்சி ஒன்றை ஊசிக்கு முன்பே செய்து பார்த்துவிடுங்கள். கருவியோடு வரும் குரல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் தமிழில் பதிவு செய்து வைக்கலாம், பெரும்பாலான கருவிகளில் அந்த வசதி இருக்கிறது. ‘மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க’ போதும். ‘பிடிங்க’ என்றால் சில பெரியவர்கள் மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆழமாக இழுக்க வேண்டியதில்லை. மூன்று கட்டத்திலும் ஒரே அளவு இழுப்பதுதான் முக்கியம். இல்லாவிட்டால் கல்லீரல் ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு உயரத்தில் நின்று, சிறிய கட்டியை ஒப்பிட முடியாமல் போகும்.

மருந்தின் அளவும் வேகமும்

எல்லோருக்கும் 100 மி.லி. என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கல்லீரல் வெளுப்பு உடல் எடைக்குத் தக்கபடி மாறும். போர்ட்டல் கட்டத்தில் கல்லீரல், மருந்து ஏற்றாமல் எடுத்த பிளெய்ன் படத்தைவிடக் குறைந்தது 50 ஹவுன்ஸ்ஃபீல்ட் (படத்தின் வெளுப்பை அளக்கும் எண்) கூட வேண்டும். அதற்கு, எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம் 120 கே.வி.யாக இருக்கும்போது, ஒரு கிலோ எடைக்கு 520 முதல் 600 மி.கி. அயோடின் தேவை.

550 மி.கி. என்று எடுத்துக்கொண்டு, 350 செறிவு மருந்தில் கணக்குப் போடுவோம். 60 கிலோ உள்ளவருக்கு 33,000 மி.கி., அதாவது 94 மி.லி. 45 கிலோ என்றால் 71 மி.லி. 80 கிலோ என்றால் 126 மி.லி. மிகப் பருமனானவருக்கு முழு எடையை வைத்துக் கணக்கிட்டால் மருந்து தேவைக்கு மேல் போகும், ஏனென்றால் கொழுப்பில் இரத்தம் குறைவு. கொழுப்பு நீங்கலான எடையை வைத்துக் கணக்கிடுவது நல்லது.

இப்போது வேகம். எல்லோருக்கும் 3 மி.லி. என்று வைத்தால் 80 கிலோக்காரருக்கு ஊசி முடியவே 42 வினாடி ஆகும். நீங்கள் ஆர்ட்டீரியல் எடுக்கும்போது மருந்து இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே வேகத்தை நிலையாக வைக்காமல் ஊசியின் காலத்தை நிலையாக வையுங்கள்: எல்லோருக்கும் 30 வினாடி. 45 கிலோக்காரருக்கு வினாடிக்கு 2.4, 60-க்கு 3.1, 80-க்கு 4.2 மி.லி. என்று வேகம் தானாக அமையும். பெருந்தமனி உச்சத்தைத் தொடுவது ஊசி முடிந்த சில வினாடிகளில்தான், ஆகவே எல்லா நோயாளிக்கும் நேரக் கணக்கு ஒன்றாகிவிடும். பின்னாலேயே 30 முதல் 40 மி.லி. சலைன், அதே வேகத்தில். கைச் சிரையில் தேங்கி நிற்கும் மருந்தை அதுதான் தள்ளிக்கொண்டு போகும்.

டிராக்கிங்: இங்கேதான் தவறு நடக்கும்

நிலையான 37 வினாடி எல்லோருக்கும் பொருந்தாது. இதயம் பலவீனமானவருக்கு மருந்து வந்து சேரவே அவ்வளவு நேரம் ஆகலாம். அதனால் போலஸ் டிராக்கிங்: பெருந்தமனியில் மருந்து வந்து குறித்த அளவைத் தொட்டதைக் கருவியே பார்த்து ஸ்கேனைத் தூண்டுவது (டிரிகர்).

1. உதரவிதானத்தின் மட்டத்தில், பெருந்தமனிக்கு நடுவில் வட்டம் போடுங்கள். சுவரைத் தொடக் கூடாது. சுண்ணாம்புப் படிவு வட்டத்துக்குள் விழுந்தால் மருந்து வருவதற்கு முன்பே டிரிகர் ஆகிவிடும்.

2. டிராக்கிங் படங்கள் ஊசி தொடங்கி 10-ஆவது வினாடியிலிருந்து, ஒன்றிரண்டு வினாடிக்கு ஒன்று. இந்த நேரத்தில் நோயாளி சாதாரணமாக, மெதுவாக மூச்சு விடட்டும். பெருமூச்சு விட்டால் பெருந்தமனி வட்டத்தை விட்டு நகரும்.

3. வாசல் அளவு 150. இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில கருவிகள் படத்தில் உள்ள எண்ணையே பார்க்கும், சில கருவிகள் தொடக்க எண்ணிலிருந்து எவ்வளவு கூடியது என்று பார்க்கும். மருந்து இல்லாத இரத்தமே 40 இருக்கும். ஆகவே ‘150’ என்பதும் ‘கூடுதல் 110’ என்பதும் ஒன்றுதான். உங்கள் கருவி எந்த வகை என்று கம்பெனியிலிருந்து பயிற்சி கொடுக்க வரும் அப்ளிகேஷன் ஆளிடம் கேட்டு, தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

4. டிரிகருக்குப் பிறகு காத்திருப்பு: 64 ஸ்லைஸும் அதற்கு மேலும் என்றால் 18 வினாடி, மெதுவான கருவியில் 12 முதல் 14. சாதாரண இதயத்தில் டிரிகர் பெரும்பாலும் 17 முதல் 22 வினாடிக்குள் வரும், ஆகவே மொத்தம் 35 முதல் 40-இல் வந்து நிற்கும்.

30 வினாடி ஆகியும் பெருந்தமனி அசையவில்லை என்றால் முதலில் நோயாளியின் கையைப் பாருங்கள். வீங்கியிருந்தால் ஊசியை நிறுத்துங்கள். கை சரியாக இருந்து, எண் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தால் அது இதயத்தின் தாமதம், காத்திருங்கள். பதற்றத்தில் கையால் டிரிகர் செய்துவிட்டால் மருந்தும் போச்சு, படமும் போச்சு.

போர்ட்டல் கட்டம் 70-ஆவது வினாடியில், டிலேட் கட்டம் 180-இல். இரண்டும் ஊசி தொடங்கியதிலிருந்து எண்ண வேண்டியவை. சில கன்சோல்களில் கடிகாரம் டிரிகரிலிருந்து ஓடும். அங்கே 70 என்று போட்டால் உண்மையில் 90-இல் எடுப்பீர்கள். சிரோசிஸ் முற்றி, போர்ட்டல் அழுத்தம் கூடியவருக்கு 75, 80 வரை தள்ளலாம். பித்தக்குழாய்ப் புற்று என்று சந்தேகம் இருந்தால் டிலேட்டை 5 முதல் 10 நிமிடத்தில் எடுக்கச் சொல்வார்கள். நார்த்திசுவில் மருந்து மெதுவாகத்தான் ஏறும்.

எந்தக் கட்டம் யாருக்கு

மூன்று கட்டத்தையும் எல்லோருக்கும் எடுப்பது சோம்பேறித்தனம், கதிர்வீச்சும் வீண். பெருங்குடல் அறுவைக்குப் பின் தொடர் பரிசோதனைக்கு வருபவருக்கு பெரும்பாலும் போர்ட்டல் ஒன்றே போதும். பிளெய்ன் படம், முன்பு சிகிச்சை எடுத்தவருக்கு அவசியம். கட்டிக்குள் லிப்பியோடால் என்ற அயோடின் எண்ணெயை ஏற்றி டேஸ் (கட்டிக்குப் போகும் தமனி வழியாக மருந்து செலுத்தி அடைக்கும் சிகிச்சை) செய்திருந்தால் அந்த எண்ணெய் எல்லாக் கட்டத்திலும் வெளுப்பாகத்தான் தெரியும். பிளெய்ன் இல்லாமல் எது எண்ணெய், எது உயிருள்ள கட்டி என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லீரல் தானம் செய்ய வருபவருக்கும் பிளெய்ன் கட்டாயம். கல்லீரல் எண்ணிலிருந்து மண்ணீரல் எண்ணைக் கழித்துக் கொழுப்பைக் கணிப்பது அதில்தான். அந்தப் படம் 120 கே.வி.யில்தான் இருக்க வேண்டும், அளவுகோல்கள் அதற்கே வகுக்கப்பட்டவை.

ஆர்ட்டீரியலும் டிலேட்டும் கல்லீரல் மட்டும். வயிறு முழுதும் வேண்டுமென்றால் போர்ட்டலில் எடுங்கள்.

கே.வி.யைக் குறைக்கும் காலம்

இப்போது பல மையங்களில் 120-ஐ விட்டு 100-க்கும், மெலிந்தவருக்கு 80-க்கும் வருகிறார்கள். அயோடின் எக்ஸ்ரேயைத் திடீரென்று அதிகமாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றல், அதாவது கே விளிம்பு, 33.2 கே.ஈ.வி. குழாயின் ஆற்றல் அதை நெருங்க நெருங்க அதே அயோடின் கூடுதலாக வெளுக்கும்: 100 கே.வி.யில் ஏறக்குறைய கால் பங்கு, 80-இல் பாதிக்கும் மேல். ஆர்ட்டீரியல் கட்டத்தில் சிறிய கட்டி எடுப்பாகத் தெரிவதோடு மருந்தையும் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இது பெரிய உதவி.

விலை, மணல். கே.வி.யைக் குறைத்தால் எம்.ஏ.எஸ்.ஸை (குழாயில் பாயும் மின்சாரமும் நேரமும் சேர்ந்த அளவு) கூட்ட வேண்டும். 90 கிலோக்காரருக்கு 80 கே.வி. போட்டால் குழாயால் ஈடுகொடுக்க முடியாது. மணலை அடக்க, படத்தைக் கணினியில் திரும்பத் திரும்பத் திருத்தும் இட்டரேட்டிவ் முறையும் இப்போது டீப் லேர்னிங் முறையும் உண்டு. இட்டரேட்டிவ் அளவை உச்சத்துக்கு ஏற்றிவிடாதீர்கள். படம் மெழுகு பூசியது போல வழவழப்பாகி, 8 மி.மீ. கட்டியின் ஓரம் கரைந்துபோகும். டீப் லேர்னிங் படம் கண்ணுக்கு இதமாகவே இருக்கும். ஆனால் டோஸை அளவுக்கு மீறிக் குறைத்ததால் பதிவாகாமல் போன மங்கலான கட்டியை அதுவும் கொண்டுவராது.

மறந்துபோகும் இரண்டு விஷயங்கள். டிராக்கிங்கையும் 100 கே.வி.யில் ஓட்டினால் பழைய 150 வாசல் முன்னதாகவே எட்டிவிடும், 175 அல்லது 180-க்கு ஏற்றுங்கள். தானியங்கி கே.வி. தேர்வு கட்டத்துக்குக் கட்டம் வேறு எண்ணை எடுத்தால் எண்களை ஒப்பிட முடியாது, ஆகவே ஒரே நோயாளிக்கு எல்லாக் கட்டத்துக்கும் ஒரே கே.வி. என்று பூட்டிவிடுங்கள்.

இரண்டு ஆற்றல்களில் எடுக்கும் டூயல் எனர்ஜி கருவி இருந்தால் ஆர்ட்டீரியல் படத்தை 50 அல்லது 60 கே.ஈ.வி.யில் மறுபடி வார்த்தெடுக்கலாம். அயோடின் படமும், மருந்தைக் கழித்த மாய பிளெய்ன் படமும் கிடைக்கும். ஆனால் லிப்பியோடாலும் அயோடின்தான். மாய பிளெய்னில் அதையும் சேர்த்துக் கழித்துவிடும், ஆகவே டேஸ் செய்தவருக்கு உண்மையான பிளெய்னே எடுங்கள். 2021-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற எக்ஸ்ரேயின் ஒவ்வொரு ஃபோட்டானையும் தனித்தனியே எண்ணும் ஃபோட்டான் கவுன்ட்டிங் கருவியில் இந்த ஆற்றல் தகவல் ஒவ்வொரு ஸ்கேனிலும் தானாகவே கிடைக்கிறது. அங்கேயும் நேரக் கணக்கு மேலே சொன்னதுதான்.

நோயாளி மேசையில் இருக்கும்போதே

படங்களை 3 மி.மீ.யில் அச்சுத் தளத்திலும் (குறுக்குவெட்டு) கரோனலிலும் (முன்பக்க வெட்டு) அனுப்புங்கள், மெல்லிய 1 மி.மீ. தொகுப்பைச் சேமித்து வையுங்கள். விண்டோ (திரையில் காட்டும் வெளுப்பு எண்களின் எல்லை) அகலத்தை 400-லேயே விட்டுவிட்டுப் பார்த்தால் கட்டி ஒளிந்துகொள்ளும். 150-க்குக் குறைத்து, நடு எண்ணை 100 பக்கம் வையுங்கள்.

ஆர்ட்டீரியலில் மூன்று குழாய்களைப் பாருங்கள். தமனி பளிச்சென்றும், போர்ட்டல் சிரை ஓரளவு வெளுத்தும், கல்லீரல் சிரைகள் கறுப்பாகவும் இருந்தால் சரியான நேரம். போர்ட்டல் கறுப்பாக இருந்தால் முன்னதாக எடுத்துவிட்டீர்கள், அடுத்தவருக்கு 4, 5 வினாடி கூட்டுங்கள். கல்லீரல் சிரைகளும் வெளுத்திருந்தால் தாமதம். மண்ணீரல் வரிக்குதிரை போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஆர்ட்டீரியலில் அது அப்படித்தான் இருக்கும். போர்ட்டலில் கல்லீரல் சிரைகள் இன்னும் கறுப்பாக இருந்தால் நோயாளியை இறக்காமல் உடனே ரேடியாலஜிஸ்டைக் கூப்பிடுங்கள்.

மருந்து வெளியே கசிந்திருந்தால் கையை உயர்த்தி வைத்து, எத்தனை மி.லி. போயிருக்கும் என்று கணக்கிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். விரல் மரத்துப்போனாலோ தோல் கொப்பளித்தாலோ அறுவை மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். மருந்து கசியாத மற்றவர்களுக்கு, ஸ்கேன் முடிந்ததும் கேனுலாவை அரை மணி நேரம் எடுக்காதீர்கள். ஒவ்வாமை பெரும்பாலும் அதற்குள்தான் வரும். அட்ரினலின் எங்கே இருக்கிறது என்று தேடும் நிலை வரக் கூடாது. பெரியவருக்கு, ஒரு மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பியூலில் அரை மி.லி., தொடைத் தசையில், மருத்துவர் போடுவார். அந்தத் தட்டு ஸ்கேன் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மருந்தின் செறிவு, அளவு, வேகம், கே.வி., டிரிகர் ஆன வினாடி, இந்த ஐந்தையும் ரெஜிஸ்டரில் எழுதுங்கள். அதே நோயாளி மூன்று மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு வருவார். கட்டி குறைந்ததா, நேரம்தான் மாறியதா என்று ரேடியாலஜிஸ்ட் கேட்கும்போது பதில் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.